கடிதத்தில் இல்லாத ஒரு வரி

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்து எனக்கு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் பெண் குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியிருந்தது.

என் கணவருக்கு சர்வே இலாகாவில் வேலை. தெலுங்குச் சீமையில் இன்று ஓர் இடம், நாளை ஓர் இடம் என்று கூடாரம் அடித்து அளந்துகொண்டிருந்தார். கைக்குழந்தையோடு அங்கே போக முடியாது. பயிற்சிப் பள்ளியில் படித்தது வீணாக வேண்டாம் என்று அவரே சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன். நான் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக்காரி. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

தங்கக் கிடைத்தது ஒரு பெரிய வீட்டின் பின்கோடியில், பின்கட்டில் ஓர் அறை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கடல் கடந்து இருந்தார்கள். கல்யாணம் என்றால்தான் வருவார்கள். தினமும் பொழுது சாயும்போது முன்கூடத்தில் விளக்கேற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. விளக்கை ஏந்திக்கொண்டு, பூட்டிய கதவுகளாகவே பார்த்துக்கொண்டு, மூன்று முற்றங்களைக் கடந்து போய் வருவேன். குழந்தை அழுதால் அந்தச் சத்தம் முன்கட்டு வரை ஓடிவிட்டுத் திரும்பி வரும். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும். எங்கோ இன்னொரு குழந்தை இருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்துத் தெரு ராவுத்தர் வீட்டு அக்கா. அவருக்கும் அதே வயதில் ஒரு குழந்தை. "நீ போயிட்டு வா தங்கச்சி, ஒண்ணோட ஒண்ணா கெடக்கும்" என்பார். இருந்தும், தெருமுனை திரும்பும் வரை நான் செய்வது சரிதானா என்று தினமும் யோசித்துக்கொண்டேதான் போவேன்.

வகுப்பில் பெரும்பாலான பெண்கள் ஓரளவு படிப்பார்கள். மூன்று பேர் மட்டும் எழுத்துக் கூட்டிக் கூட்டித் திணறுவார்கள். அங்கே வியாசம் எழுதுவது என்றால், டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போடுவதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து அப்படியே எழுதிவிடுவதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் 'பசு' வியாசங்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வீட்டிலும் ஒரே பசுவைத்தான் கட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது.

"அடுத்த தடவை வரும்போது மனப்பாடம் வேண்டாம். வீட்டிலே இருக்கிற ஒரு காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, எதுவானாலும் சரி. அதைப் படித்து, அதிலிருந்து அவர்களாகவே எழுதட்டும். படிக்கத் திணறுகிற இந்த மூன்று பேரும் எழுதுவதைத்தான் முதலில் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வேலை நிரந்தரமாவது அந்த வருகையைப் பொறுத்தது என்று தலைமை டீச்சர் பிறகு தனியாகச் சொன்னார்.

சரியாக எழுதத் தெரியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பல நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வாக்கியம் எழுதினால், அது காகிதத்தில் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே இடது கை விரலை வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க இடம் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். பெண்களுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. ஒருத்தி எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் "வெரல் எங்கடி?" என்பார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அவர்கள் மனப்பாடத்தை விட்டு முதல் தடவையாகக் காகிதத்தைப் பார்த்தார்கள்.

ஒருத்தி அக்காளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி இளையாத்தங்குடிக் கோயில் திருவிழா நோட்டீசைக் கொண்டுவந்தாள். மூன்றாவது பெண் கொண்டுவந்தது தன் அப்பாவின் கடிதங்களை.

அவளுக்கு வயது பதினொன்று. மூவரிலும் மிக மெதுவாகப் படிப்பவள் அவள்தான். அவள் அப்பா பர்மாவில் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சின்ன ஊரில், இந்தப் பக்கத்து வியாபாரி ஒருவரின் கடையில் சமையல்காரர். போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று வருஷத் தவணை முடிந்தால்தான் திரும்ப முடியும். அம்மா பக்கத்து ஊரான புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கப் போகிறவர். படிக்கத் தெரியாது. நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சரம்மா, ஒரு காயிதம் வந்திருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் உரக்க, நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். 'இவ்விடம் நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்' என்றுதான் எல்லாக் கடிதமும் ஆரம்பிக்கும். முடியும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க" என்பார். படிப்பேன்.

"சுகமாத்தேன் இருக்காகளா?"

"சுகம்தான்."

"பொறவென்ன. அங்கிட்டு ஆறு ஓடுனா என்ன, ஆன நடந்தா என்ன" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்து வாங்கிக்கொள்வார். அவர் போனதும் கதவைச் சாத்துவேன். ராவுத்தர் வீட்டு அக்காவைத் தவிர, அந்த வாரத்தில் என்னோடு பெரியவர்கள் யாராவது சிரித்துப் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும். அதனால் அந்தக் கடிதங்களுக்காக நானும் காத்திருந்தேன் என்று சொல்லலாம்.

வகுப்புக்கு அந்தப் பெண் ஏழு கடிதங்களைக் கொண்டுவந்தாள். ஒன்று போதுமே என்றேன். "ஒண்ணுல கொஞ்சந்தான் இருக்கு டீச்சர்" என்றாள். அச்செழுத்தைக் கண்டு திணறுகிறவள் அப்பாவின் கையெழுத்தில் மட்டும் அவ்வளவாகத் தடுமாறவில்லை. ஏழையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நான்கு நாள் எழுதினாள். மற்ற இருவரும் முடித்துவிட்டுப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் நோட்டை நீட்டினாள். நான் ஒவ்வொரு வாக்கியமாக வாசித்தேன். அவள் விரல் வைத்தாள். எங்கள் அப்பா இருக்கும் ஊரில் பெரிய ஆறு ஓடுகிறது. விரல். யானைகள் ஆற்றிலிருந்து தேக்கு மரத்தை இழுத்து வரும். விரல். சந்தையில் பெண்கள்தான் கடை போடுவார்கள். விரல். அந்த ஊர்க் கத்தரிக்காய் நம் ஊர்க் கத்தரிக்காய் போல ருசிக்காது. விரல். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்தேன்.

'எங்கள் அப்பாவால் இப்போது நடக்க முடியவில்லை.'

"விரல் எங்கே?" என்றேன்.

ஒரு கடிதத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். இன்னொன்றில் வைத்தாள். அதையும் எடுத்தாள். கை நான்கைந்து கடிதங்களுக்கு மேலே அலைந்தது.

"வெரலக் காணோம் டீச்சர்" என்று பின்னால் யாரோ சொல்ல, வகுப்பு முழுவதும் சிரித்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அதட்டினேன். "சுகம் என்று அவரே எழுதியிருக்கிறார். உன் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன். பெற்ற அப்பாவைப் பற்றி இல்லாததை எழுதலாமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் சிவப்பு மசியால் அந்த வரியை அடித்துவிட்டேன். "சரி டீச்சர்" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மறுநாள் அந்த இடத்தில், 'எங்கள் அப்பா சுகமாக இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதற்கு விரல் வைக்க ஏழு இடம் இருந்தது.

அந்த வாரம் என் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் வகுப்பில் என் மனம் இல்லை. ராவுத்தர் வீட்டு அக்காதான் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை அயர்ந்து தூங்கியபோது கணவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'குழந்தை சுகம்' என்று எழுதினேன். அவ்வளவு தூரத்தில் இருப்பவரைக் கலக்கி என்ன பயன்? வருவதற்கு லீவும் கிடையாது. இன்னும் ஏதாவது குழந்தையைப் பற்றி எழுத வேண்டுமே என்று யோசித்து, 'முற்றத்தில் காகம் வந்தால் தொட்டிலில் இருந்தபடியே தலையைத் திருப்பிப் பார்க்கிறாள்' என்று எழுதினேன். அது உண்மை. போன கடிதத்தில், காகத்தைத் துரத்திக்கொண்டு முற்றம் முழுவதும் தத்தித் தத்தி ஓடுகிறாள் என்று எழுதியிருந்தேன். அதுவும் உண்மை.

பேனா நின்றுவிட்டது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் நிதானமாகப் படித்தால் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துவிடும். சுகம் என்ற சொல் அதை மறைக்காது. ஆனால் என் கணவர் அப்படிப் படிக்கமாட்டார். சுகம் என்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்து மடித்து வைத்துவிடுவார். நானும் அப்படித்தானே படித்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். மறுபடியும் வரியை அடிப்பேனோ என்று நினைத்து நோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல் என்றேன். கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடியெல்லாம் 'போனேன், பாத்தேன்'னுதான் எழுதுவாரு டீச்சர். சந்தைக்குப் போனேன், ஆத்துக்குப் போனேன்னு. இப்ப மூணு காயிதமா 'சத்தம் கேக்குது, அவன் வந்து சொன்னான்'னே எழுதுறாரு. ஆனைய பாக்கல, ஆனை மணி சத்தந்தான் கேக்குதாம். சன்னலுக்கு வெளிய ஒரு மாமரம் இருக்காம். மூணு காயிதத்துலயும் அதே மாமரம்."

கடிதங்களுக்காகக் கையை நீட்டினேன்.

"அடுப்பையும் காணோம் டீச்சர். உக்காந்து காய் நறுக்குறேங்குறாரு. எங்கப்பா உக்காந்துக்கிட்டு சமைக்கமாட்டாரு."

கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அந்த மூன்றையும் நானே ஒரு மாத இடைவெளிகளில், ஒவ்வொன்றாக, தெளிவான குரலில் படித்திருக்கிறேன். மாமரத்தைப் பற்றிப் படித்தபோது நன்றாக எழுதுகிறாரே என்றுகூட நினைத்தேன்.

அன்றைக்கே அவள் அம்மாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பெண்ணின் ஊகத்தை நம்பி ஒரு குடும்பத்தைக் கலக்குவதா என்று நினைத்தேன். தவறாக இருந்துவிட்டால் ஊரில் என் பெயர் என்னவாகும் என்று நினைத்தேன். சாதாரணச் சுளுக்காக இருந்து இதற்குள் சரியாகியிருக்கும் என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராவுத்தர் வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லத் துணியவில்லை; வேறு கேட்டுப் பார்க்க ஒரு மனுஷர் இல்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் விளக்கோடு நடந்துகொண்டே எனக்கு நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டேன். இவையெல்லாம் உண்மையான யோசனைகள்தாம். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் அடுத்த வாரம் வருகிறார். இப்போது சொன்னால் அந்த வீட்டில் அழுகை கிளம்பும். பெண் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள். வகுப்பிலேயே நல்ல வியாசம் அவளுடையது. இதை இப்போது எழுதும்போதுதான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது நாள் கழிந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். அந்தப் பெண் எழுந்து நின்று, திக்காமல், தன் வியாசத்தை வாசித்தாள். 'எங்கள் அப்பா சுகமாக இருக்கிறார்' என்று முடித்தாள். "காகிதத்தை விட்டு ஓர் அடிகூட விலகவில்லை. இதைத்தான் கேட்டேன்" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெண் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சரம்மா, வீடு தேடி வந்திருக்கீக. இவ எதுவும் சேட்ட பண்ணுனாளா?"

நான் கடிதங்களைப் பிரித்தேன். இந்த முறை முதல் வரியை விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன். சந்தை, ஆறு, யானை. பிறகு மணிச் சத்தம், சன்னல், மாமரம். அந்த அம்மாள் உமியைத் தட்டுவதை நிறுத்தினார். நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கடல் தாண்டிப் போனவுக நோவு நோக்காட்ட காயிதத்துல ஏத்தமாட்டாக. அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார் மெதுவாக. "ஒரு சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. ஆனா நீங்க படிக்கையில சத்தமா, தெளிவா இருந்துச்சு. பொய்யா இருந்தா இம்புட்டுத் தெளிவா இருக்காதுன்னு நெனச்சேன். அதேன் ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்."

திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருடைய தம்பி அன்றே கண்டனூரில் இருந்த முதலாளி வீட்டுக்கு ஓடினார். மறுநாள் பர்மாவுக்குத் தந்தி போயிற்று. பதில் வந்தது: காலில் ஆறாத புண், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தம்பி அடுத்த கப்பலில் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பெட்டிக்குள் வைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் குரல் கேட்டது. அந்த அம்மாளும் மகளும் நின்றார்கள். கூடவே கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர். வலது பாதத்தில் முன்பாதி இல்லை. துணி சுற்றியிருந்தது. உட்காரச் சொல்லி மணை போட்டேன்.

பாதத்தில் விறகுச் சிராய் ஒன்று ஏறியதாம். சின்னக் காயம்தானே என்று எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கடையில் தெரிந்தால் தவணை முடியுமுன் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, கால் வாதம் என்று சொல்லிச் சமாளித்து, அடுப்படி வேலையைக் கூட இருந்தவனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்திருக்கிறார்.

"டீச்சரம்மாதான் காயிதத்துக்குள்ள இருந்து கண்டுபிடிச்சாகன்னு எந்த வீட்டுக்குப் போனாலும் இதேன் பேச்சு" என்று கைகூப்பினார்.

"நான் இல்லை. உங்கள் மகள்தான் கண்டுபிடித்தாள்" என்றேன்.

அவர் சிரித்தார். "இதுவா? இது எழுத்துக் கூட்டறதுக்குள்ள பொழுது விடிஞ்சுருமே டீச்சரம்மா. நீங்க பெரிய மனசுல சொல்றீக."

மறுபடியும் சொன்னேன். அந்த அம்மாளும் சிரித்தார். தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் தொட்டில் கயிற்றைப் பிடித்து என் குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். பாதத்தை எடுத்தது எப்போது?

"தந்தி வந்தப்பதான் கடையில விசயமே தெரிஞ்சுது. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக, மறுநா எடுத்தாச்சு. ஒரு வாரம் முந்தி வந்திருந்தா வெரலோட போயிருக்கும்னாரு டாக்டரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுவது போல, "டாக்டருக எப்பவும் அப்படித்தான் சொல்லுவாக, விடுங்க" என்றார்.

தொட்டில் ஆடுவது நின்றது. பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளை இடைவேளையில் கூப்பிட்டுக் கேட்ட திங்கட்கிழமை எது, அவள் வீட்டுக்கு நான் போன புதன்கிழமை எது என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகு என் வகுப்பில் இருந்த நாள் வரையிலும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு கணவருக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைக்கு அப்போது நான்கு நாள் காய்ச்சல் அடித்ததையும், இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருப்பதையும், இந்தப் பெண்ணின் விஷயத்தில் நான் செய்ததையும் எழுதினேன். ஒன்பது நாள் என்பதை எழுதிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, ஒன்பது நாள் இல்லாமல் இன்னொன்று எழுதி அனுப்பினேன்.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. அவளோ வகுப்பில் ஒரு பிள்ளையோ நான் அறியாத ஒன்றைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று இன்றும் கேட்கிறேன். அந்தக் கேள்வியை அதட்டலாக இல்லாமல் பதில் வேண்டிக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒருவரின் பாதத்தில் பாதி போக வேண்டியிருந்தது.